துறைத்தலைவரின் அக்கா

ஆய்வுப் பிரிவு எழுத்தர் கணினித் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"எண்பத்து மூணு," என்றார்.

"மார்க்குங்களா சார்?"

"திருட்டும்மா."

அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த ஆய்வேடும் முதலில் ஓர் இயந்திரத்தின் வாய்க்குள் போய் வர வேண்டும். உலகத்தில் அதுவரை எழுதப்பட்டவற்றோடு ஒப்பிட்டு, இதில் எத்தனை சதவீதம் அடுத்தவர் சரக்கு என்று அது சொல்லும். பத்து வரைக்கும் இருந்தால் அதற்குப் பெயர் அறிவு. பத்தைத் தாண்டினால் திருட்டு. பிரிவு தொடங்கிய நாளிலிருந்து எண்பத்து மூன்றைப் பார்த்ததில்லை என்று எழுத்தர் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"எங்கேருந்தும்மா எடுத்தே?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

"மில்லுலேருந்து எடுத்தேன் சார்."

அது பொய்யில்லை. நூற்பாலைப் பெண்கள் அவளை 'ஊது டீச்சர்' என்பார்கள். அவள் டீச்சர் அல்ல. ஊதியவளும் அல்ல, ஊத வைத்தவள். மூன்று வருடம், திங்கட்கிழமை தவறாமல், காலை ஷிஃப்ட்டுக்கு முன்னால் ஆலை வாசலில் ஒரு பிளாஸ்டிக் குழலோடு நின்றாள். ஒரு முனையில் வாய் வைத்து ஒரே மூச்சில் ஊதினால் பக்கவாட்டில் ஒரு சிவப்பு முள் ஏறும். காற்றை வெளியே தள்ள நெஞ்சில் எவ்வளவு பலம் மிச்சம் என்று அது காட்டும். வேலைக்கு முன்னால் ஒருமுறை, ஷிஃப்ட் முடிந்ததும் ஒருமுறை. இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். பதினோரு நோட்டுகள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் அவளுடைய அக்கா. பதினேழு வயதில் பஞ்சு பிரிக்கும் கூடத்துக்குள் போனவள். அவள் போனதால்தான் தங்கை பள்ளிக்கூடம் போனாள். ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனால் அக்காவுக்கு நெஞ்சை யாரோ கயிறு போட்டுக் கட்டியது மாதிரி இருக்கும். வாரக் கடைசியில் தேவலாம். மறு திங்கள் மறுபடியும் கயிறு. ஆலை மருத்துவரிடம் சொன்னதற்கு அவர், "லீவு முடிஞ்சா எல்லாருக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்யும், எனக்கும் கனக்குது," என்றார். ஒருநாள் விலகி இருந்த உடம்பு பஞ்சுத் தூசியை மறுபடி சந்திக்கும்போது படும் பாடு அது என்று தங்கை படித்துத் தெரிந்துகொண்டாள். திங்கட்கிழமைகளில் முன்னூற்று நாற்பதாக உள்ளே போன மூச்சு, இருநூற்று அறுபதாக வெளியே வந்தது. அதுதான் ஆய்வேடு. மற்றதெல்லாம் பக்க எண்.

எழுத்தர் நூற்று நாற்பது பக்க அறிக்கையை அச்சடித்துக் கையில் கொடுத்தார். பக்கமெல்லாம் சிவப்பு. களவு போன இடம் ஒன்றே ஒன்றுதான்: 'நூற்பாலை மகளிரும் நுரையீரல் நலமும்' என்ற நூல். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தது. ஆசிரியர், அவளுடைய துறைத்தலைவர். அவளுடைய நெறியாளரும் அவரே. நூலகத்தில் அந்தப் புத்தகம் கண்ணாடி அலமாரியில் பூட்டி இருந்தது. சாவி ஆசிரியரிடம் இருந்தது. ஆகவே அதை முதன்முதலில் முழுக்கப் படித்த பெருமை இயந்திரத்தையே சேரும்.

நூலக உதவியாளரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மாற்றுச் சாவியால் திறக்க வைத்து, அவள் நின்றபடியே படித்தாள். மூன்று வருடமாக அவள் கொடுத்த அறிக்கைகள் வரிசை மாறாமல் இருந்தன. மாற்றங்களும் இருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு, இரண்டாயிரத்து நூற்று இருபது ஆகியிருந்தது. வேலைக்கு முந்திய மூச்சு இருந்தது. வேலைக்குப் பிந்திய மூச்சைக் காணோம். திங்கட்கிழமையைக் காணோம், 'எனது ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தியாகம் செய்து ஆலை வாசலில் நின்றேன்' என்று முன்னுரை சொன்னது. முடிவுரை, ஆலைப் பெண்களின் மூச்சு திறந்த வெளியில் வேலை பார்ப்பவர்களின் மூச்சுக்குச் சமம் என்றது. நன்றியுரை மட்டும் எழுத்துப் பிசகாமல் அவளுடையது: 'ஷிஃப்ட்டுக்குப் போகிற அவசரத்திலும் முதலில் ஊதிக்காட்டிய என் அக்காவுக்கு.'

துறைத்தலைவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

அவள் அவருடைய அறைக்குப் போனபோது அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"உட்காரும்மா. கேள்விப்பட்டேன். இதுல வருத்தப்பட என்ன இருக்கு? ஒரு துறைத்தலைவர் யோசிச்ச மாதிரியே ஒரு மாணவி யோசிச்சிருக்கா. எண்பத்து மூணு சதவீதம்! என் மத்தப் பசங்க பன்னெண்டைத் தாண்டினதில்ல."

"சார், நான் உங்ககிட்ட குடுத்த அறிக்கைங்கதான் சார் எல்லாம்."

"குடுத்தே இல்ல? குடுத்ததைத்தான் வாங்கினேன். குடுத்ததை வாங்குறது திருட்டா? நீ என் மாணவி. உன் கை என் கை மாதிரி. என் கை எழுதினதை என் பேர்ல போடாம தெருவுல போறவன் பேர்லயா போடுவாங்க?"

"இருநூத்திப் பன்னெண்டு பேரு சார். நீங்க ரெண்டாயிரத்து..."

"பதவின்னு ஒண்ணு இருக்கும்மா. துறைத்தலைவர் வெறும் இருநூறு பேரை வச்சு எழுதினா துறைக்கு என்ன மரியாதை? நான் ஒண்ணும் மாத்தல. கடைசியில ஒரு சைபர் போட்டேன். சைபருக்கு மதிப்பில்லைன்னு சின்னப் பிள்ளைங்களுக்கே தெரியும்."

"வேலைக்கு அப்புறம் எடுத்த கணக்கை மொத்தமா தூக்கிட்டீங்களே சார்? அதுலதானே எல்லாம் இருக்கு?"

"அணிந்துரை எழுதினது மில் மேலாளர். அந்தப் பகுதியைப் படிக்கும்போது அவருக்கு மூச்சு முட்டுச்சாம். வாசகனுக்கு மூச்சு முட்டினா எழுத்தாளன் கவனிக்க வேண்டாமா?"

பல்கலைக்கழகத்தில் இதுமாதிரி விஷயங்களுக்கென்றே கல்வி நேர்மைக் குழு என்று ஒன்று உண்டு. அவள் அதற்கு எழுதிப்போட்டாள். இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். போனால் நீள மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள், பதிவாளர், இன்னும் இரண்டு பேராசிரியர்கள், நடுநாயகமாகக் குழுத் தலைவர். துறைத்தலைவர்தான்.

புகாரைப் படித்து முடித்ததும் துறைத்தலைவர் எழுந்தார். "இதில் என் பெயர் வருவதால் நான் தலைமை வகிப்பது முறையாகாது," என்றார். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். இப்படியொரு நேர்மையை இந்த மன்றம் கண்டதில்லை என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார் பதிவாளர். துறைத்தலைவர் தம் நாற்காலியை இரண்டடி நகர்த்திப் போட்டு, பாதிக்கப்பட்ட ஆசிரியராக உட்கார்ந்தார். குற்றம் சாட்டப்பட்ட மாணவிக்கு நெறியாளர் துணை இருக்க வேண்டும் என்று விதி சொல்வதாக யாரோ நினைவுபடுத்தவே, எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே இருந்தபடி, இந்தப் பெண் அறியாமல் செய்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். பிறகு பழைய இடத்துக்குப் போய் மன்னித்தார். பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, மன்னிப்பு கேக்க வரல. புகார் குடுத்தது நான்," என்றாள் அவள்.

பதிவாளர் பொறுமையாக விளக்கினார். "நீ விஞ்ஞானம் படிச்ச பொண்ணு, யோசிச்சுப் பாரு. ரெண்டாயிரத்து நூத்தி இருபதுலேருந்து இருநூத்திப் பன்னெண்டை எடுக்க முடியும். இருநூத்திப் பன்னெண்டுலேருந்து ரெண்டாயிரத்தை எடுக்க முடியுமா? அப்போ யாரு யாருகிட்டேருந்து எடுத்தது?"

"சார் எங்க அக்காவுக்கு நன்றி சொல்லியிருக்காருங்க! அவருக்கு அக்காவே கிடையாது!"

"ஏம்மா, உனக்கு மட்டும்தான் அக்கா இருக்கணுமா?"

"அந்த இடத்துல அக்காங்கிறது ஒரு குறியீடு," என்றார் துறைத்தலைவர்.

மற்ற இரண்டு பேராசிரியர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் மொழித்துறை. குறியீடு என்ற சொல் காதில் விழுந்தாலே ஆட்டிவிடுவார்.

தீர்ப்பு கருணையோடு வந்தது. பதிவை ரத்து செய்ய வேண்டாம். ஆசிரியருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். ஆய்வேட்டை முழுக்கச் சொந்த நடையில் திருப்பி எழுத வேண்டும். எண்களும் ஒத்துப்போகக் கூடாது, எண்களையும் சொந்த நடையில் எழுத வேண்டும். அதற்கு முன்னால் 'சொந்த நடையில் எழுதுவது எப்படி' என்ற மூன்று நாள் பயிலரங்கில் கட்டாயம் உட்கார வேண்டும். உட்கார்ந்தாள். பயிற்றுநர் திரையில் காட்டிய ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் வேறொரு பல்கலைக்கழகத்தின் சின்னம் இருந்தது. மூன்றாம் நாள் அவர் நிறைவுரையைத் திரையிலிருந்து வாசித்தபோது, தாம் நிற்காத ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே வந்திருந்த எல்லாருக்கும் நன்றி கூறினார்.

மன்னிப்புக் கடிதத்தை எழுதின அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஆனால் எழுதினாள். ஆய்வில் சேர்ந்ததிலிருந்து போன ஆறு வருடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வர மனம் வரவில்லை. திருப்பி எழுதவும் செய்தாள். பெண்கள் மாதர் ஆனார்கள். இருமல், தொண்டைவழி ஓசை ஆயிற்று. முன்னூற்று நாற்பது, முன்னூறும் அதன்மேல் நான்கு பத்தும் ஆயிற்று. திங்கட்கிழமை, செவ்வாய்க்கு முந்திய நாள் ஆயிற்று. நன்றியுரையை எப்படி எழுதினாலும் இயந்திரம் விடவில்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டாள். இயந்திரம் ஒன்பது என்றது. எழுத்தர், "இப்பதான் இது உன் ஆய்வேடு," என்று வாழ்த்திச் சீல் வைத்தார்.

வீட்டில் அக்கா பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"முன்னாடி என்னைப் பத்தி எழுதியிருந்தியே, எங்கடி காணோம்?"

"உன்னை எங்க சாரு எடுத்துக்கிட்டாருக்கா."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகுதான் அந்த வாரத்துச் சேதியைச் சொன்னாள். தூசியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற குழாய் வேண்டும் என்று பெண்கள் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். விசாரணையில் மேலாளர் ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாராம். இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று பெரிய டாக்டரே எழுதியிருக்கிறார் என்றாராம்.

"அந்தப் புத்தகமா?"

"நீ சொன்னதைப் பார்த்தா அதுதான் போல. அந்தத் தம்பியை நான் ஒரு தடவை பாக்கணும்டி," என்றாள் அக்கா.

பார்க்க வழியிருந்தது. வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது நாற்பத்தோராவது விதி. நடுக்கூடத்து அறிவிப்புப் பலகையில், பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால், பழைய அறிவிப்புகளுக்கு அடியில் தேதியை ஒட்டியிருந்தார்கள். இருபது வருடத்தில் பொதுமக்களில் ஒருவரும் வந்ததில்லை.

தேர்வன்று, காலை ஷிஃப்ட் முடிந்த கையோடு, இருபத்தேழு பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்து வாசலில் நின்றார்கள். காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் இருபத்தேழு பேரும் 'ஊத' என்று எழுதிவிட்டு உள்ளே போனார்கள்.

வெளித்தேர்வாளர் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்து அம்மா. தடித்த கண்ணாடி, கையில் ஒரு துணிப்பை. ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தவர், நிமிர்ந்து கேட்டார்.

"முன்னூறும் அதன்மேல் நான்கு பத்தும்னா, முன்னூத்தி நாப்பதுதானே?"

"ஆமாம்மா."

"அப்புறம் ஏம்மா இப்படி எழுதியிருக்கே?"

"குழு சொன்னாங்கம்மா."

அந்த அம்மா துறைத்தலைவரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். தேர்வு நாற்பது நிமிடம் நடந்தது. முடிவில் வழக்கப்படி துறைத்தலைவர், பலகாரம் வைத்திருந்த மேசையைப் பார்த்தபடியே, "பொதுமக்கள் எவரேனும் வினா எழுப்பலாம்," என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"வணக்கங்க. நான்தான் சாரோட அக்கா."

பதிவாளர் பதறிப்போய் எழுந்து, "அம்மா, ஏன் பின்னாடி உட்கார்ந்திருக்கீங்க, முன்னாடி வாங்க!" என்று தம் நாற்காலியைக் காட்டினார். அக்கா முன்னால் வந்தாள். உட்காரவில்லை.

"தம்பி, புத்தகத்துல எனக்கு நன்றி சொல்லியிருக்கீங்களாம். சந்தோஷம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து எங்களை ஊத வச்சதாவும் எழுதியிருக்கீங்களாம். ஞாயித்துக்கிழமை மில்லுக்குப் பூட்டு தம்பி. ஒரு ஈ காக்கா இருக்காது. யாரு ஊதினது?"

துறைத்தலைவர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆய்வு முறையியலில் ஞாயிறு என்பதை நாம் ஒரு..."

"இருங்க," என்றார் வெளித்தேர்வாளர். மாணவி விளக்கிக் காட்டுவதற்காக மேசைமேல் வைத்திருந்த குழலை எடுத்து நீட்டினார். "ரெண்டாயிரம் பேரை ஊத வச்சிருக்கீங்க. எங்களுக்காக ஒரு தடவை ஊதிக் காட்டுங்க."

அவர் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். ஆராய்ந்து, காற்று வெளியேறுகிற முனையில் வாயை வைத்துக் கன்னம் உப்ப ஊதினார். முள் அசையவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிக் கூடமெல்லாம் பரவியது. ஊது டீச்சர் சிரிக்கவில்லை. ஆறு வருடம் இந்த மனிதருக்கு முன்னால் எழுந்து நின்றோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அக்கா குழலை வாங்கி, துடைத்து, சரியான முனையில் ஊதினாள். முள் இருநூற்று முப்பதில் நின்றது. வெளித்தேர்வாளர் எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா ஊருக்குப் போய் எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினார்: இந்தப் பெண்ணுக்கு உடனே பட்டம் கொடுக்க வேண்டும், அந்தப் புத்தகத்தை விசாரிக்க வேண்டும். பல்கலைக்கழகம் அறிக்கையை இயந்திரத்தில் போட்டுப் பார்த்தது. பூஜ்யம் சதவீதம். இதுவரை வந்த தேர்வாளர் அறிக்கைகள் எல்லாம் ஒன்றோடொன்று தொண்ணூற்றைந்து சதவீதம் ஒத்துப்போகிறவை. இது எதனோடும் ஒத்துப்போகாததால் முன்மாதிரி அற்றது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தோராவது விதியில், பொதுமக்கள் என்ற சொல்லுக்கு முன்னால் 'முதுகலைப் பட்டம் பெற்ற' என்று சேர்த்தார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பதிவாளர் அவளைத் தம் அறைக்கு வரச் சொன்னார். தட்டச்சு செய்த தாள் ஒன்று தயாராக இருந்தது. ஆய்வை இருவரும் சேர்ந்தே செய்தோம், புத்தகத்தில் உள்ளவை யாவும் உண்மை, எனக்கு எந்தக் குறையும் இல்லை.

"ஒரே ஒரு கையெழுத்து. வர்ற பட்டமளிப்பு விழாவுலயே நீ டாக்டர். நான் சொல்றேன்."

"இது யாருக்கெல்லாம் போகும் சார்?"

"நம்ம கோப்புக்கு ஒண்ணு. மில் மேலாளர் கேட்டிருந்தாரு, அவருக்கு ஒரு நகல். இதப் பாரும்மா, உண்மைங்கிறது தனியாளுக்குச் சொந்தமில்ல. அது நிறுவனத்துக்குச் சொந்தம். ஆளுங்க வருவாங்க, போவாங்க. நிறுவனம் இருக்கணும் இல்ல?"

முதல் நாள்தான் அக்கா சொல்லியிருந்தாள்: "அவங்க என்ன கேட்டாலும் போட்டுக் குடுத்துட்டு பட்டத்தை வாங்கு. எங்க கதை எப்படியோ ஓடும்." அவள் பேனாவை எடுத்தாள். திறந்தாள். அந்தத் தாள் தொழிற்சாலை ஆய்வாளரின் மேசையில், அந்தப் புத்தகத்தின் மேல், தன் கையெழுத்தோடு கிடப்பது கண்முன் வந்தது. தாளின் அடியில், ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதித் தேதி போட்டாள்.

பதிவாளர் படித்துப் பார்த்து அதிர்ந்துபோனார். "என்னம்மா இது? ஆறு வருஷம்!"

"ஆமா சார், ஆறு வருஷம். இந்தக் கட்டடத்துல பார்க்கிற ஆளுக்கெல்லாம் வணக்கம் வச்சேன். அக்கா உண்டா இல்லையான்னு விசாரிச்சீங்க. எண்ணைச் சொந்த நடையில எழுதச் சொன்னீங்க. அவ மூச்சு எத்தனைன்னு உங்கள்ல ஒருத்தர் வாயிலேருந்தாவது வந்துச்சா? ஒரு தடவை? மூச்சைப் பத்தித்தானே சார் ஆராய்ச்சி?"

"அது குழுவோட நிகழ்ச்சி நிரல்ல இல்லைம்மா," என்றார் பதிவாளர்.

அவள் கதவைச் சாத்தாமல் வெளியே வந்தாள்.

தொழிற்சாலை ஆய்வாளரின் அலுவலகம் மாடியில், கோப்புகளுக்கு நடுவே ஒரு மேசை. அவர் நரைத்த மீசைக்காரர். எதிரே மேலாளரும் அவருடைய வக்கீலும். மேசைமேல் அந்தப் புத்தகம். அக்காவும் நாலைந்து பெண்களும் சுவரோரம் நின்றார்கள். ஊது டீச்சர் பையிலிருந்து பதினோரு நோட்டுகளையும் எடுத்து வைத்தாள்.

வக்கீல் எழுந்தார். "இந்தம்மா டாக்டரான்னு முதல்ல கேளுங்க சார்."

"நீங்க டாக்டரா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"இல்லைங்க. இனிமே ஆகப்போறதும் இல்ல."

"அப்போ நோட்டைக் குடுங்க. டாக்டர் எழுதினதை நேத்தே படிச்சு முடிச்சிட்டேன்."

அவர் முதல் நோட்டைப் பிரித்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார். வக்கீல் இரண்டுமுறை கடிகாரத்தைப் பார்த்தார். நாலாவது நோட்டில் ஆய்வாளர் நிறுத்தி, மேலாளரைப் பார்த்தார். பிறகு ஐந்தாவது நோட்டை எடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால், யாருக்கும் சொல்லி அனுப்பாமல் அவர் ஆலை வாசலுக்கு வந்து, ஊது டீச்சரின் குழலுக்கு முன்னால் நின்ற பெண்களின் வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.